மூன்றாம் அறைக்கு வந்தவர்

சிசிலித் தீவின் கத்தானியா நகரத்து மீன் சந்தைக்குப் பின்னால், கருங்கல் கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடியில் ஆல்ஃபியோவின் விடுதி இருந்தது. நான்கே அறைகள், ஒட்டியே அவன் வீடு. வாசல் கதவில் வானவில் நிறத்தில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டியிருக்கும். ஆணும் ஆணுமாக, பெண்ணும் பெண்ணுமாக ஜோடியாய் வருகிறவர்களை இங்கே யாரும் ஏற இறங்கப் பார்க்க மாட்டார்கள், கட்டில் ஒன்றா இரண்டா என்று இழுத்துக் கேட்க மாட்டார்கள் என்று அதற்குப் பொருள். வார்சாவிலிருந்தும் டப்ளினிலிருந்தும் பதினெட்டு வருடமாக ஆட்கள் அதை நம்பி வந்தார்கள், திருப்தியாகத் திரும்பிப் போனார்கள்.

வருகிறவர்களுக்கு ஆல்ஃபியோ தானே வரைந்த வரைபடம் ஒன்றைக் கொடுப்பான். கைகோத்து நடக்கத் தோதான தெருக்களுக்குச் சிவப்பு மை. கடலோரப் பாறைகளில் எங்கே துண்டு விரித்தால் யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள், எந்தப் பெட்டிக்கடையில் எலுமிச்சையும் உப்பும் போட்ட சோடா நன்றாக இருக்கும், எந்த மதுக்கடையில் தோளில் சாய்ந்துகொண்டு உட்காரலாம், எல்லாம் அதில் உண்டு. "பயப்படாதீங்க, இது நல்ல ஊரு" என்று ஒவ்வொருவரிடமும் சொல்வான். மனதறிந்துதான் சொல்வான்.

இவ்வளவு தாராளமான மனிதன், தன்னுடைய மாரியானோவோடு தெருவில் இறங்கினால் மட்டும் இரண்டடி முன்னால் நடப்பான். இருபத்திரண்டு வருடமாக அந்த இரண்டடி குறைந்ததே இல்லை. யாராவது விசாரித்தால், "விடுதியப் பாத்துக்கறவரு, நம்ம வீட்டுலயே தங்கிட்டாரு" என்பான். மாரியானோ பின்னால் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வருவான். முன்னால் போகிறவனின் முதுகு அவனுக்கு நன்றாகப் பழகியிருந்தது.

ஆல்ஃபியோவின் தாய் அகத்தீனா ஏழு வருடத்துக்கு முன்னால் பக்கவாதத்தில் படுத்தாள். அன்றிலிருந்து குளிப்பாட்டி, தலை சீவி, கஞ்சி ஊட்டியதெல்லாம் மாரியானோதான். மகன் சீவினால் வலிக்கிறது என்று கத்துவாள். படுத்த புதிதில் ஒருநாள் வைத்தியர் வந்தபோது, சீப்போடு நின்றவனைக் காட்டி, "இவன் என் மருமகன்" என்றாள். ஆல்ஃபியோ சிரித்துக்கொண்டே, "அம்மாவுக்கு நினைவு தடுமாறுது டாக்டர்" என்றான். அவளுக்கு நினைவு தடுமாறவில்லை. தெளிவாகத்தான் இருந்தது நினைவு. மாரியானோ சீப்பிலிருந்த முடியைச் சுருட்டிக் குப்பையில் போட்டான். அதற்கப்புறம் அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை விடியும்போது அகத்தீனா இறந்துபோனாள். எண்பத்து நான்கு வயது. எதிர்பார்த்திருந்த சாவுதான், ஆனாலும் ஆல்ஃபியோவுக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அன்றைக்கென்று ஊருக்குப் பின்னாலிருந்த எரிமலையும் புகைந்தது. கரிய சாம்பல் மாடியிலும் சன்னலிலும் சர்க்கரை மாதிரி கரகரவென்று விழுந்துகொண்டிருந்தது. விமான நிலையத்தை மூடிவிட்டார்கள் என்று, அன்று ஊருக்குக் கிளம்பிய போலந்துக்காரர்கள் யாரெக்கும் தாமியனும் பெட்டியோடு திரும்பி வந்து, சாவு வீட்டில் எங்கே நிற்பது என்று தெரியாமல் விழித்தார்கள்.

எட்டு மணிக்குத் தங்கை நெத்தா தொலைபேசியில் கூப்பிட்டாள். அவள் வீடு அச்சுக்கடைக்குப் பக்கத்தில். மரண அறிவிப்புக்கு விவரம் கொடுப்பது அவள் பொறுப்பு.

"அண்ணே, அச்சுக்கடை சிரினோ போஸ்டருக்குப் பேரு கேக்குறாரு. மாரியானோவ எப்பிடிப் போடச் சொல்லட்டும்?"

அடுத்த அறையில் மாரியானோ அம்மாவின் கறுப்புப் பட்டுச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். ஆல்ஃபியோ குரலைத் தாழ்த்தினான்.

"அதெல்லாம் எதுக்கு இப்ப? வேண்டாம், விடு."

"வேண்டாம்னா?"

"வேண்டாம்னா வேண்டாந்தான் நெத்தா. அப்பறம் பாத்துக்கலாம்."

"செத்தவங்க போஸ்டர்ல அப்பறம்னு ஒண்ணு உண்டா அண்ணே?" என்று கேட்டாள். அவன் வைத்துவிட்டான்.

இந்த ஊரில் ஒருவர் கண்ணை மூடினால், இரண்டு மூன்று மணி நேரத்தில் தெருச் சுவரெல்லாம் கறுப்பு விளிம்பு போட்ட போஸ்டர் வந்துவிடும். இறந்தவர் பேர் பெரிதாக. கீழே, துயரத்தோடு அறிவிக்கிறவர்கள்: பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று வரிசையாக. அந்த வரிசைதான் சட்டம். மாதாகோயில் வாசலில் அந்த வரிசையில்தான் நிற்பார்கள், வருகிறவர்கள் அந்த வரிசையில்தான் கை கொடுப்பார்கள். பேர் இல்லாதவனுக்குத் துக்கமும் இல்லை. அவன் காப்பி கொண்டுவருகிற ஆள்.

பதினொரு மணிக்கு மேல் ஆல்ஃபியோ மாடியிலிருந்து எட்டிப் பார்த்தான். வருகிறவர்களுக்குக் காப்பி போடச் சர்க்கரை தீர்ந்துவிட்டதென்று மாரியானோ கடைக்குப் போயிருந்தான். சாம்பலுக்குக் குடையும் கையில் சர்க்கரைப் பையுமாக மீன் சந்தை வளைவுச் சுவரின் முன்னால் நின்றிருந்தான். அந்தப் போஸ்டரைப் படிக்க அரை நிமிடம் போதும். அவன் வெகுநேரம் நின்றான்.

மாரியானோ மேலே வந்து எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தான். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. வந்தவர்கள் ஆல்ஃபியோவின் கையைப் பிடித்தார்கள், நெத்தாவைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அவள் புருஷன் பிப்போவின் தோளைத் தட்டினார்கள். பிப்போ மாமியாரைக் கடைசியாகப் பார்த்தது ஈஸ்டருக்கு. மாரியானோவிடம் காலிக் கோப்பைகளை நீட்டினார்கள்.

பன்னிரண்டு மணிக்குக் கூட்டம் சாப்பாட்டுக்குக் கலைந்தது. மாரியானோ விடுதியின் மேஜைக்கு வந்து தன் அடையாள அட்டையை வைத்தான்.

"ரூம் வேணும்."

"என்ன வெளயாட்டு இது? அம்மா உள்ள கெடக்குறாங்க."

"மூணாம் நம்பர் காலியாத்தான இருக்கு? பதிஞ்சுக்க. வந்து தங்குறவங்கள இருபத்திநாலு மணி நேரத்துக்குள்ள போலீசுக்குத் தெரியப்படுத்தணும்னு நீதான எழுதிச் செவுத்துல மாட்டிருக்க? நான் பதினெட்டு வருசமாப் பதியாமத் தங்கிருக்கேன். உம்மேல கேஸே போடலாம்."

"மாரியானோ, போஸ்டர்ல இருக்குறது நெத்தா குடுத்த பேரு. நான்..."

"நெத்தாகிட்டப் பேசிட்டுத்தான் வர்றேன்."

ஆல்ஃபியோவின் கண் மேஜையிலிருந்த அட்டைக்கு இறங்கியது.

"நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் டைம் இருக்கு. எத்தன நாளுன்னு கேட்டா மூணு நாளுன்னு போடு. எல்லாரும் அவ்வளவுதான் இருக்காங்க. அப்பறம் நான் மெஸ்ஸினாவுக்கு எங்க தங்கச்சி வீட்டுக்குப் போயிடுறேன்."

சத்தம் போட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். மாரியானோவின் கோபம் ஆல்ஃபியோவுக்குப் பழக்கம். தட்டு உடையும், கதவு அறையும், ராத்திரிக்குள் அடங்கிவிடும். இது அப்படி இல்லை. அவன் தன் தலையணையை எடுத்துக்கொண்டு மூன்றாம் எண் அறைக்குள் போய்க் கதவை மெதுவாகச் சாத்தினான். போய்விடுவான் என்று ஆல்ஃபியோவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சும்மாவாவது செய்து பார்ப்போமென்று கணினியில் போலீஸ் பதிவுப் படிவத்தைத் திறந்தான். பேர், பிறந்த ஊர், பிறந்த தேதி எல்லாம் பார்க்காமலே அடித்தான். பிறகு தங்குகிறவர் யார் என்று கேட்டது: தனி விருந்தாளி, குடும்பத் தலைவர், குடும்பத்தைச் சேர்ந்தவர், குழுவைச் சேர்ந்தவர். ஏதாவது ஒன்றை அழுத்தினால்தான் மேலே போகும். பதினெட்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு அழுத்தியிருக்கிறான், ஒரு நாளும் யோசித்ததில்லை. விரல் நகரவில்லை. கணினியை மூடினான்.

யாரெக் வரைபடத்தோடு வந்தான். அவனுக்கு இத்தாலியம் அரைகுறை.

"மன்னிக்கணும் அண்ணே. நாங்க வெளிய போயிடுறோம், உங்களுக்குத் தொந்தரவா இருக்கக்கூடாது. ஒண்ணு மட்டும் கேக்கணும். இந்த மேப்புல எல்லாத் தெருவும் செவப்பா இருக்கு. இந்த வீட்டுத் தெருவும், மூலைல இருக்குற கோயிலும் மட்டும் செவப்பு இல்ல. இங்க ஆபத்தா?"

"ஆபத்தெல்லாம் ஒண்ணுமில்ல. இங்க எல்லாரும் தெரிஞ்சவங்க."

பின்னால் நின்ற தாமியன், "எங்க ஊர்ல தெரிஞ்சவங்க நடுவுலதான் பயமில்லாம இருப்போம்" என்றான். குத்திக்காட்டிச் சொன்னதல்ல. ஆனால் ஆல்ஃபியோவுக்குக் குத்தியது. யாரெக் அவனை இழுத்துக்கொண்டு படியிறங்கினான். வழக்கமாகக் கோத்திருக்கும் கையை, சிவப்பு மை இல்லாத தெருவென்று கோக்காமலே போனார்கள். ஆல்ஃபியோ அதை மாடியிலிருந்து பார்த்தான்.

மாலை நான்கு மணிக்கு, மதிய அடைப்பு முடிந்து அச்சுக்கடை மறுபடி திறக்கும் நேரத்துக்கு அவனும் இறங்கினான். வழியில் அந்தப் போஸ்டரை முதல் தடவையாகப் படித்தான். அம்மாவின் பேர். பிள்ளைகள் ஆல்ஃபியோ, நெத்தா. அதற்குக் கீழே ஒரு வரி அளவுக்கு வெற்றிடம். அப்புறம் மருமகன் பிப்போ, பேரப்பிள்ளைகள். பல் விழுந்த வாய் மாதிரி அந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. தெருவே காலையிலிருந்து அதைத்தான் படித்துக்கொண்டிருந்தது. அவன் முகம் சிவந்தது.

அச்சுக்கடையில் சிரினோ இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். மீன் விற்கும் சாந்தீனா, பேரனின் ஞானஸ்நானத்துக்கு அழைப்பு அட்டை தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தாள். அந்தத் தெருவில் ஒரு செய்தி பரவ வேண்டுமென்றால் போஸ்டரை விட அவள் வேகம்.

"அண்ணே, அம்மா போஸ்டரத் திரும்ப அடிக்கணும்" என்றான் ஆல்ஃபியோ.

"எதுக்கு? நாப்பது வருசத்துல செத்தவங்க பேருல நான் பிழ விட்டதில்ல."

"பிழையில்ல. ஒரு பேரு விட்டுப்போச்சு."

"அது தெரியாமயா எடம் விட்டு அடிச்சேன்?" சிரினோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உன் தங்கச்சிகிட்ட மூணு தடவ கேட்டேன். அண்ணன் வேண்டாங்கறாருன்னா. சரி, பெத்தவ போன துக்கத்துல பேசுறான், கொஞ்ச நேரத்துல மனசு மாறிப் போன் பண்ணுவான்னு எடத்தக் காலியா வெச்சேன். நீ பண்ணல. ஒட்டுறவன் வந்து தலமேல நின்னான். அப்பிடியே தூக்கிக் குடுத்துட்டேன்."

"இப்ப போட்டுருங்க."

"போடலாம். என்ன ஒறவுன்னு சொல்லு."

"ஒங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரிஞ்சா ஆச்சா? வீட்டாளு வாயால சொன்னாத்தான் அடிப்பேன். நாளைக்கு ஒரு வழக்குன்னு வந்தா எல்லாரும் என் கழுத்தத்தான் பிடிப்பீங்க."

ஆல்ஃபியோ சாந்தீனாவைப் பார்த்தான். அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது இங்கேதான் இருந்தது.

"மருமகன்."

"சத்தமாச் சொல்லு, மிஷின் ஓடுது."

"மருமகன்!" குரல் கீச்சென்று வந்தது. "மாரியானோ எங்கம்மாவுக்கு மருமகன்."

இயந்திரம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. கூரை இடிந்து விழவில்லை. சாந்தீனா ஓர் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இதச் சொல்ல உனக்கு இருபத்திரண்டு வருசமா? அதுக்குள்ள எம்மவ பொறந்து, வளந்து, கல்யாணங்கட்டி, புள்ளையும் பெத்துட்டா. நானே கெழவி ஆயிட்டேன்."

"பிப்போவுக்கு முன்னாலயா பின்னாலயா?" என்று கேட்டார் சிரினோ.

"முன்னால. மூத்தவன் நான்தான?"

"பிப்போ மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவான்."

"வெச்சுக்கட்டும்."

ஆல்ஃபியோ வெளியே வந்தான். இவ்வளவுதானா என்று நினைக்க நினைக்க அவனுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது. இந்த ஒரு சொல்லுக்கா அம்மாவின் புத்தியைக் குறை சொன்னோம்? அழுகை வந்தது. சாம்பல் கண்ணில் விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டான்.

ஒட்டுகிறவன் ஒரு சாவுக்கு இரண்டு தடவை வர மாட்டேன் என்றுவிட்டான். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆல்ஃபியோவே பசை வாளியோடு இறங்கினான். யாரெக் ஏணியைப் பிடித்தான், தாமியன் போஸ்டரை எடுத்துக் கொடுத்தான். பசையில் சாம்பல் கலந்து கையெல்லாம் கறுத்தது. விடுதிக்காரன் ஏணியில் ஏறிப் பெற்ற தாயின் போஸ்டரை மறுபடி ஒட்டுவதை மீன் கூடை இறக்குகிறவர்கள் நின்று பார்த்தார்கள். படித்தார்கள். பிறகு கூடையை இறக்கினார்கள்.

மாரியானோ ரொட்டிக்கடையிலிருந்து காலைச் சாப்பாட்டுக்கான பன்களோடு வந்தான். அறை எடுத்துத் தங்குகிறவன் மற்ற விருந்தாளிகளுக்குப் பன் வாங்கப் போவானேன் என்று யாரும் கேட்கவில்லை. சுவரின் முன்னால் நின்றான். மருமகன்கள் மாரியானோ, பிப்போ. நேற்றைப் போலவே வெகுநேரம் நின்றான். ஆல்ஃபியோ தூரிகையைப் பிடித்தபடி ஏணியிலேயே நின்றான்.

"கோணலா ஒட்டிருக்க" என்று சொல்லிவிட்டு மாரியானோ மேலே போய்விட்டான்.

ஒன்பது மணிக்குக் கோயிலில் பூசை முடிந்தது. குடும்பத்தார் வாசலில் வரிசையாக நின்றார்கள். ஆல்ஃபியோ, நெத்தா, பிப்போ, பிள்ளைகள். மாரியானோ வழக்கம்போல உள்ளே, வாசலிலிருந்து கடைசித் தூணோடு சாய்ந்து, நெத்தாவின் குடையையும் பிப்போவின் தொப்பியையும் வைத்துக்கொண்டு நின்றான். கூப்பிட வேண்டும் என்று ஆல்ஃபியோவுக்குத் தெரியும். கூப்பிடவில்லை. அச்சுக்கடையில் இரண்டு பேர் இருந்தார்கள், இங்கே இருநூறு பேர்.

முதல் ஆளாகச் சாந்தீனா வந்தாள். ஆல்ஃபியோவுக்குக் கை கொடுத்தாள். நெத்தாவை முத்தமிட்டாள். பிப்போ கையை நீட்டினான். அவள் தொடவில்லை.

"இங்க ஒருத்தர் நிக்கணுமே" என்றாள்.

"யாரு?" என்றான் பிப்போ.

"போஸ்டர்ல இருக்கு. மொதல்ல அவருக்குக் குடுத்துட்டுத்தான் உனக்கு. நான் வரிசையக் கலைக்க மாட்டேன்."

அவள் நகராததால் பின்னால் கூட்டம் தேங்கியது. படிக்கட்டில் இருந்தவர்கள் என்னவென்று கேட்டார்கள், முன்னால் இருந்தவர்கள் சொன்னார்கள். சந்தை ஆட்கள், மீனவர் சங்கத்து ஆட்கள், பாதிரியார், எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் கோபமில்லை. வரிசை என்றால் வரிசை.

ஆல்ஃபியோ இடத்தை விட்டு நகர்ந்தான். கோயிலின் நீளம் முழுக்க நடந்து தூணுக்குப் போனான்.

"வா" என்றான்.

"தொப்பி யாரு வெச்சுக்கறது?"

"பிப்போ தலையில வெச்சுக்கட்டும். வா மாரியானோ. எனக்குத் தனியா நிக்க முடியல."

கையைப் பிடித்தான். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. பக்கத்தில் நடந்தான். மாரியானோவின் கை பனிக்கட்டியாகக் குளிர்ந்திருந்தது. வாசலில் நெத்தா ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள். சாந்தீனா மாரியானோவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "உன் மாமியா தலமுடிய நீ எவ்வளவு அழகாச் சீவி விட்டிருக்க" என்றாள். மாரியானோ அப்போதுதான் உடைந்தான். ஏழு வருடத்து அழுகை. கல்லறைத் தோட்டம் போய்ச் சேரும் வரைக்கும் அவனுக்கு நிற்கவில்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. அடையாள அட்டை மேஜையில் வைத்த இடத்திலேயே, மேலே மெல்லிய சாம்பலோடு கிடந்தது. ஆல்ஃபியோ கணினியைத் திறந்தான். நேற்று நின்ற இடத்திலேயே கேள்வி நின்றது.

"இன்னும் பத்து நிமிசம் இருக்கு" என்றான். மாரியானோவின் முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. "என்னன்னு பதிய?"

மாரியானோ அட்டையை எடுத்துச் சட்டைக் கையில் துடைத்தான். திருப்பிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"விருந்தாளிங்களத்தான் பதியணும். வீட்டுக்காரங்களப் பதிய வேண்டாம். பதினெட்டு வருசமா விடுதி நடத்துறவனுக்கு இதுகூடத் தெரியாதா?"

மூன்றாம் எண் அறைக்குப் போய்த் தன் தலையணையை எடுத்துக்கொண்டு தங்கள் அறைக்கு வந்தான்.